வழிச்செலவுக்கு ஒரு வரைபடம்

1950-களின் கடைசியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த மாணவர்களுக்கு ஒரு விடுமுறை வேலை இருந்தது. பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைந்து கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் பழைய மாளிகைகளைத் தேடிப் போனார்கள். தூணும் சன்னலும் வரிசை கட்டி நிற்கும், தாளில் எடுப்பாக இருக்கும். ஒரு மாணவர் மட்டும் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் போர்ன் என்ற ஊரில் நிற்கும் மரக் காற்றாலையை அளக்கப் போனார். ஒற்றை நடுக்கம்பத்தின் மேல் முழு ஆலையும் உட்கார்ந்திருக்கும். காற்றின் திசை மாறினால் ஆலையையே திருப்பி வைப்பார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பது பார்த்தவுடன் புரியும்படி அவர் வரைந்தார். 1959-ல் அந்த வரைபடத்துக்குப் பிரிட்டனின் அரச கட்டடக்கலைஞர் கழகம், அதாவது ரிபா, வெள்ளிப் பதக்கமும் பரிசுப் பணமும் கொடுத்தது. அந்தப் பணத்தில் அவர் ஸ்காண்டிநேவியாவுக்குப் போய், அங்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்தவற்றை, குறிப்பாக யோர்ன் உட்ஸோனின் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த மாணவர் நார்மன் ஃபாஸ்டர். பிற்காலத்தில் அவர் பெயரில் ரிபா ஒரு பயண உதவித்தொகையை ஏற்படுத்தி, 2007 முதல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கியது. பல ஆண்டுகள் அதன் தொகை 7,000 பவுண்டாக இருந்தது. உட்ஸோனுக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 1949-ல் ஓர் உதவித்தொகையில் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போனார். காட்டு மரங்களின் தலைக்கு மேல் மாயா மக்கள் எழுப்பிய கல்மேடைகளில் ஏறி நின்றார். 1957-ல் சிட்னி ஆப்பெரா மாளிகைப் போட்டியில் வென்ற அவருடைய வடிவமைப்பு அப்படியொரு பெரிய மேடையின் மேல்தான் நிற்கிறது.

இந்த அத்தியாயம் அப்படியொரு பயணத்தை நீங்கள் எப்படி வென்றெடுப்பது என்பதைப் பற்றியது. முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டிக்கு நீங்கள் அனுப்பும் கட்டடத்தை யாரும் கட்டப்போவதில்லை. உங்களைத்தான் ஓர் ஊருக்கு அனுப்பப்போகிறார்கள். "இந்தப் பிள்ளையை அனுப்பினால் அங்கே எதைப் பார்த்துவிட்டு வரும்?" என்ற கேள்விக்கான விடையை நடுவர்கள் உங்கள் தாளில் தேடுகிறார்கள். நன்றாக வரையத் தெரிந்த எத்தனையோ பேர் தோற்பது இந்த இடத்தில்தான்.

எந்தப் போட்டி உங்களுக்கு

பயண உதவித்தொகை என்ற பெயரில் வெவ்வேறு வகைப் பரிசுகள் இருக்கின்றன. ஒரு வகையில் வடிவமைப்புப் போட்டியில் வென்றால் பயணம் பரிசாகக் கிடைக்கும். பாஸ்டனில் நடக்கும் ராட்ச் உதவித்தொகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெஞ்சமின் ஸ்மித் ராட்ச் என்பவரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் 1883-ல் ஏற்படுத்தியது. சுருக்கமான முதல் சுற்று ஒன்று, அதில் தேறியவர்களுக்கு விரிவான இறுதிச் சுற்று ஒன்று. 1889-ல் இதை வென்ற ஹென்றி பேகன் பின்னாளில் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தை வடிவமைத்தார். 1935-ல் வென்ற கோர்டன் பன்ஷாஃப்ட் நியூயார்க்கின் லீவர் ஹவுஸ் கட்டடத்தைத் தந்தவர்.

இன்னொரு வகையில் கட்டடம் எதையும் வடிவமைக்கத் தேவையில்லை. எங்கே போகிறேன், எதைப் பார்க்கப்போகிறேன், ஏன் என்று ஒரு திட்டம் எழுத வேண்டும். ரிபா ஃபாஸ்டர் உதவித்தொகை இந்த வகை. ஹார்வர்டு தரும் வீல்ரைட் பரிசும் அப்படித்தான். முன்பு அது ஹார்வர்டில் படித்தவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2013-லிருந்து உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டார்கள். தொகை 1,00,000 டாலர். ஆனால் அது தொழிலில் சில ஆண்டுகள் கண்டவர்களுக்கானது. மூன்றாம் ஆண்டு மாணவர் அதைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

விதிகளில் முதலில் தேட வேண்டியது தகுதி வரியை. மாணவராக இருக்க வேண்டுமா, பட்டம் பெற்று எத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், குறிப்பிட்ட கல்லூரிகளுக்கு மட்டுமா, குறிப்பிட்ட ஊரில் வேலை பார்த்திருக்க வேண்டுமா? இவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். சீனியர் சொன்னதை நம்பி உட்காராமல் அந்த ஆண்டின் அறிவிப்பையே படியுங்கள். இரண்டு மாதம் உழைத்த பிறகு "நமக்குத் தகுதியில்லை" என்று தெரியவருவது பெரிய வேதனை.

அடுத்து, பெயர். வடிவமைப்புப் போட்டிகளில் வரைந்தவர் யார் என்று நடுவருக்குத் தெரியக் கூடாது. சர்வதேசக் கட்டடக்கலைப் போட்டிகளுக்கான யுனெஸ்கோ பரிந்துரை 1956-ல் நம் டெல்லியில் நடந்த பொது மாநாட்டில்தான் ஏற்கப்பட்டது. பெயர் மறைப்பு அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. நான்காம் ஆண்டில் நான் அனுப்பிய முதல் போட்டியில் தாளில் எங்கும் என் பெயர் இல்லை. பதிவு எண் மட்டும் சரியாக இருந்தது. ஆனால் பிடிஎஃப் கோப்பின் உள்விவரத்தில் 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் என் முழுப்பெயர் கிடந்தது. தகுதிநீக்கம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. மூன்று வாரம் கண்விழித்த வேலையை யாரும் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து எந்த மாணவர் சப்மிஷனுக்கு முன் என்னிடம் வந்தாலும் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்த உள்விவரத்தைத்தான். கோப்பின் பெயர், படத்தின் மூலையில் கையெழுத்து, சைட் புகைப்படத்தில் தெரியும் கல்லூரி அடையாள அட்டை, எல்லாவற்றையும் பாருங்கள்.

பன்னிரண்டு மணி நேரம்

பயணப் பரிசுகளுக்கெல்லாம் மூத்தது பிரான்சின் ரோம் பரிசு. கட்டடக்கலைக்கு 1720 முதல் 1968 வரை வழங்கப்பட்டது. வென்றவர்கள் அரசுச் செலவில் ரோமில் சில ஆண்டுகள் தங்கிப் பழைய கட்டடங்களை அளந்து வரையலாம். அந்தப் போட்டியிலும், அதற்கு மாணவர்களைத் தயார்செய்த பாரிஸ் கலைப்பள்ளியிலும் ஒரு கடுமையான பழக்கம் இருந்தது. மாணவரைத் தனிச் சிற்றறையில் உட்கார வைப்பார்கள். கேள்வியைக் கொடுப்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு சிறு வரைவைப் போட்டு ஒப்படைக்க வேண்டும். முதல் சுற்றுக்கு 12 மணி நேரம். இறுதிச் சுற்றில் இப்படி ஒப்படைத்த வரைவை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் பெரிய தாள்களில் விரித்து வரைய வேண்டும். கடைசியில் இரண்டையும் ஒப்பிடுவார்கள். முதலில் சொன்ன எண்ணத்திலிருந்து விலகியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் போட்டிக்கு வெளியே.

எனக்கு இந்த விதியின்மேல் தனி மதிப்பு உண்டு. நம் ஸ்டூடியோக்களில் கான்செப்ட் வாரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. சப்மிஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது புதிதாக ஒன்று தோன்றும், நைட் அவுட் போட்டு அதை வரைவோம். ஜூரி முன்னால் நிற்கும்போது நாமே அதோடு பழகியிருக்க மாட்டோம். இரண்டு சுற்றுப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி இதுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை. கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். பழைய போட்டி ஒன்றின் கேள்வித்தாளை எடுத்து ஒரே ஒரு ஏ3 தாளில் பிளான் ஒன்று, செக்‌ஷன் ஒன்று, ஒரு காட்சி. இரவு அதை நகலெடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த ஒரு வாரம் அந்த எண்ணத்தை மாற்றாமல் விரித்து வரையுங்கள். மாற்ற வேண்டும் என்று கை துறுதுறுக்கும்; மாற்றாதீர்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்து வந்தால், எந்த எண்ணம் ஒரு வாரம் தாங்கும், எது மூன்றாம் நாளே வற்றிப்போகும் என்பதை முதல் ஒரு மணி நேரத்திலேயே உங்களால் மோப்பம் பிடிக்க முடியும்.

நிழல் எங்கே விழுகிறது

என்ன கேள்வியோடு போவது? இந்த இடத்தில் நான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என்னிடம் ஒரு மாணவி வந்தாள். கையில் ஒரு பக்கத் திட்டம். "உலக நகரங்களின் பொதுவெளிக்கும் கட்டடக்கலைக்குமான உறவை ஆராய விரும்புகிறேன்" என்று தொடங்கியது. பார்சிலோனா, கோபன்ஹேகன், டோக்கியோ என்று ஆறு ஊர். படித்துவிட்டு, "நீ தினமும் காலேஜுக்கு எப்படிம்மா வர்ற?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுலதான் சார்."

"ஸ்டாப்புல எங்க நிப்ப?"

கொஞ்சம் யோசித்தாள். "ஷெல்டருக்குப் பின்னாடி சார்."

"ஏன் உள்ள நிக்கிறதில்ல?"

அவளுக்கே அது அதுவரை விசித்திரமாகப் படவில்லை. மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பயணியர் நிழற்குடையை அளந்தாள். சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது, நிழற்குடை மேற்கே பார்த்து நிற்கிறது. கூரையின் முன் விளிம்பு தரையிலிருந்து 9 அடி. விளிம்பிலிருந்து பின்சுவர் வரை 5 அடி. மே மாதம் மாலை 4 மணிக்கு வடதமிழகத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 34 டிகிரி உயரத்தில் மேற்கே இருக்கும். செக்‌ஷன் வரைந்து அந்தக் கோணத்தில் ஒரு கோடு இழுத்தாள். கூரை விளிம்பைத் தொட்டு உள்ளே இறங்கும் கோடு பின்சுவரில் ஐந்தரை அடி உயரத்தில் போய் முட்டியது. அதற்குக் கீழே எல்லாம் வெயில். பலகையில் உட்கார்ந்தவரின் உச்சந்தலை முதல் பாதம் வரை வெயில். நிழல் கிடைப்பது சுவரின் மேல்பகுதியில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிக்கு. அதே நேரத்தில் சுவருக்குப் பின்னால் 13 அடி நீளத்துக்கு அருமையான நிழல் விழுகிறது. ஊரே அங்கே நிற்கிறது. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா அவளிடம் சொன்னாராம்: "வெயில் இறங்குற வரைக்கும் இங்கதான் பாப்பா. பஸ்ஸு தெரியாது. சத்தம் கேட்டா ஓடணும்."

அந்த செக்‌ஷனைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பழைய திட்டத்தை அவளே கிழித்துவிட்டாள். புதிய திட்டத்தின் முதல் பத்தி இப்படி இருந்தது: "எங்கள் ஊர் நிழற்குடையில் மாலை 4 மணிக்குப் பலகை முழுவதும் வெயில். காத்திருப்பவர்கள் சுவருக்குப் பின்னால் நிற்கிறார்கள். அங்கிருந்து பேருந்து தெரியாது. வயதானவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். வெயிலில் நடப்பதற்கும் காத்திருப்பதற்கும் இடம் செய்து கொடுத்த மூன்று நகரங்களில், இதே நேரத்தில், இதே முறையில் செக்‌ஷன் அளந்து வரைய விரும்புகிறேன்."

மூன்று நகரங்கள் எவை? கேள்வி தெளிவாகிவிட்டதால் ஊர்கள் தாமாக வந்தன. சிங்கப்பூரில் கடைவீடுகளின் முன்னால் ஓடும் 'ஐந்தடி வழி' என்ற மூடிய நடை 1822-ல் ராஃபிள்ஸின் நகரத் திட்டத்தில் கட்டாயமாக்கப்பட்டது. அங்கேயே 2013-ல் தொடங்கிய திட்டத்தில் ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கூரை போட்ட நடைபாதைகள் அமைத்தார்கள். ஸ்பெயினின் செவில் நகரத்தில் கோடை வந்தால் கடைத்தெருக்களின் மேல் கட்டடத்துக்குக் கட்டடம் துணிப் பந்தல் இழுத்துக் கட்டுகிறார்கள். நம் அகமதாபாத்தில் 2009-ல் ஓடத் தொடங்கிய விரைவுப் பேருந்துகளின் நிலையங்கள் சாலையின் நடுவில் நிற்கின்றன. ஓரத்து நிறுத்தத்துக்கும் நடுச்சாலை நிறுத்தத்துக்கும் நிழல் எப்படி மாறுகிறது என்று ஒப்பிடலாம். பார்சிலோனா போய்விட்டது, டோக்கியோ போய்விட்டது. அவற்றை இழந்த வருத்தம் அவளுக்கு ஒரு துளியும் இல்லை.

2011-ல் ரிபா ஃபாஸ்டர் உதவித்தொகையை மும்பைக் கட்டடக்கலை மாணவர் ஒருவர் வென்றார். அவர் எடுத்துக்கொண்டது எட்டுப் பெருநகரங்களில் கழிப்பிட வசதி. மும்பையில் வளர்ந்த யாருக்கும் அந்தக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்று விளக்க வேண்டியதில்லை. உங்கள் கேள்வியும் உங்கள் தெருவில் இருக்கிறது. தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நிற்கும் இடம், அரசு மருத்துவமனை வாசலில் நோயாளியின் உறவினர் படுத்துறங்கும் திண்ணை, ரேஷன் கடைப் படிக்கட்டு. அளந்து பார்க்க முடிகிற ஒன்றாக அது இருக்கட்டும். அளக்க முடியாத கேள்வி, பயணத்தில் புகைப்படமாகத்தான் முடியும்.

நாசா இந்தியா மாணவர் அமைப்பின் லூயி கான் கோப்பைக்காக உங்கள் கல்லூரியில் ஏதாவது பழைய தெருவை அளந்திருப்பீர்கள். வெயிலில் நின்று டேப் பிடித்த அந்தப் பழக்கம் இந்தப் போட்டிகளில் பெரிய மூலதனம். விண்ணப்பத்தில் அதைக் கட்டாயம் சேருங்கள்.

வடிவமைப்புப் போட்டியாக இருந்தால், கேள்வித்தாள் அவர்களுடையது. அதற்குள் உங்கள் கேள்வி நுழைய வேண்டும். நூலகம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னால், மழைக்கு ஒதுங்க வந்து அப்படியே படித்துக்கொண்டிருப்பவரை நினைத்து வரையலாம். பயணத் திட்டமும் கேட்கும் போட்டிகளில் தாளும் திட்டமும் ஒரே கேள்வியைச் சுற்ற வேண்டும். தாளில் நூலகமும் திட்டத்தில் பாலைவனக் கோட்டையுமாக இருந்தால் இரண்டு பேர் விண்ணப்பித்ததுபோல் தெரியும்.

தாள்

தாளைப் பற்றிச் சில விஷயங்கள் மட்டும். போட்டி ஏ1 அளவு கேட்கலாம், ஆனால் முதல் வடிகட்டலில் நடுவர்கள் அதைத் திரையிலோ ஏ3 அச்சிலோ பார்ப்பார்கள். ஏ1 தாள் 841 × 594 மில்லிமீட்டர். ஏ3 அதில் நீள அகலத்தில் சரிபாதி, 420 × 297. எனவே 1:100 என்று நீங்கள் எழுதிய படம் ஏ3-ல் 1:200 ஆகிவிடும். எழுத்தில் போட்ட அளவு பொய்யாகிவிடும். அதனால் எண்ணாக எழுதாமல் அளவுகோலைப் படமாக வரையுங்கள். தாளோடு சேர்ந்து அதுவும் சுருங்கும். எழுத்துக்கும் இதே கணக்கு. ஏ1-ல் 14 புள்ளியில் வைத்தது ஏ3-ல் 7 புள்ளியாகத்தான் இருக்கும். முடிந்தவுடன் ஏ4-ல் ஒரு நகல் எடுத்து, கட்டடக்கலை தெரியாத உங்கள் சித்தப்பாவிடமோ அத்தையிடமோ கொடுத்து, "இதுல என்ன தெரியுது?" என்று கேளுங்கள். அவர்கள் முதலில் விரல் வைக்கும் இடம்தான் நடுவரின் கண்ணும் முதலில் போகும் இடம்.

ஒரு தாளுக்கு ஒரு பெரிய படம் போதும். பெரும்பாலும் அது செக்‌ஷனாக இருக்கட்டும் என்பேன். பிளான் ஏற்பாட்டைக் காட்டும். ரெண்டர் வெளித்தோற்றத்தைக் காட்டும். வெயில், மழைநீர், மனித உடம்பு மூன்றும் கட்டடத்துக்குள் என்ன ஆகின்றன என்பதை செக்‌ஷன்தான் காட்டும். அந்த மாணவியின் தாளில் நடுவில் ஒரே ஒரு நிழற்குடை செக்‌ஷன். பலகையில் வெயிலில் ஒருவர், சுவருக்குப் பின்னால் நிழலில் பூக்கூடையோடு அந்த அம்மா, இருவரையும் கடந்து போகும் 34 டிகிரிக் கோடு.

எத்தனை ஊர், எவ்வளவு பணம்

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை ஊர்களை அடுக்குவது. ஊர் கூடினால் விமானக் கட்டணம் கூடும், தங்கும் நாள் குறையும். ஓர் ஊரில் மூன்று வாரம் தங்கினால் வாடகை மலிவாகும், டீக்கடைக்காரர் பெயர் தெரியும், மழைநாளும் வெயில்நாளும் இரண்டும் கிடைக்கும். 7,000 பவுண்டில் எட்டு ஊர் போகலாம். அப்போது ஒவ்வோர் ஊரிலும் அளக்க வேண்டியதை ஒன்றே ஒன்றாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

பருவத்தைக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும். சுற்றுலா நூல்கள் ஜூலையில் செவில் பக்கம் போகாதீர்கள் என்னும். நிழலை அளக்கப் போகிறவருக்கு ஜூலையை விட்டால் வேறு மாதம் இல்லை. பந்தல் கட்டியிருப்பதும் அப்போதுதான். திட்டத்தில் இதை ஒரு வரியில் சொன்னால் நீங்கள் யோசித்து எழுதியிருக்கிறீர்கள் என்று நடுவருக்குப் புரிந்துவிடும்.

வரவுசெலவுத் திட்டத்தில் விமானம், விசா, காப்பீடு, தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, சாப்பாடு, அச்சு மற்றும் வரைபொருள் என்று தனித்தனியே போடுங்கள். எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்குங்கள். தொகை முழுவதையும் கடைசி ரூபாய் வரை செலவழித்துக் காட்டும் கணக்கைக் கண்டால் அனுபவசாலிகள் நம்ப மாட்டார்கள்.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போவதாக இருந்தால், குறுகியகால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேரம் கிடைப்பது கடினம் என்பதால் முடிவு அறிவித்த வாரத்திலேயே தொடங்குங்கள். பரிசு அறிவித்த கடிதத்தில் தொகையும் பயண நோக்கமும் தெளிவாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் இல்லாமலே போட்டிக்கு அனுப்பும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இந்த அத்தியாயத்தை மூடியதும் அதற்கு விண்ணப்பியுங்கள்.

பரிந்துரையும் நேர்காணலும்

பரிந்துரைக் கடிதம் கல்லூரியின் பெரிய பதவியில் இருப்பவரிடம் கேட்பதைவிட, நீங்கள் டேப் பிடித்து நின்றதைக் கண்ணால் பார்த்தவரிடம் கேளுங்கள். மூன்று வாரம் முன்னதாகக் கேளுங்கள், திட்டத்தின் நகலையும் கொடுங்கள்.

நேர்காணல் வைத்தால், கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: "இதையெல்லாம் இங்கிருந்தே படங்களில் பார்க்க முடியாதா?" பதிலை இப்போதே தயார் செய்யுங்கள். படத்தில் துணிப் பந்தல் தெரியும். அதன் கீழே நாலு மணிக்கு யார் நிற்கிறார்கள், துணி கிழிந்தால் யார் தைக்கிறார்கள், கடைக்காரர்களும் நகராட்சியும் செலவை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பது தெரியாது. இப்படிப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று விஷயங்களைச் சொல்ல முடியவில்லை என்றால், திட்டத்தைத் திரும்ப எழுதுங்கள்.

கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு மீண்டும் அனுப்புங்கள். டோனி கார்னியே என்ற லியோன் நகரத்து இளைஞர் ரோம் பரிசுக்கு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப முயன்று 1899-ல்தான் வென்றார். ரோமுக்குப் போனதும் பழைய சின்னங்களை மட்டும் அளந்துகொண்டிருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. தொழிலாளர்கள் வாழும் ஒரு முழு நகரத்தைக் கற்பனையில் வரைந்தார். 'தொழில் நகரம்' என்ற அந்த வரைபடத் தொகுதி 1917-ல் நூலாக வந்தது. அதற்குள் லியோனில் அவர் மெய்யாகவே கட்டத் தொடங்கிவிட்டார்.

போன பிறகு

கார்னியேவுக்கு முன்பே 1824-ல் ரோம் பரிசு வென்ற ஆன்றி லாப்ரூஸ்த், தென் இத்தாலியின் பேஸ்டம் கோவில்களை அளந்து பாரிசுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று கோவிலே இல்லை, ஊர்மக்கள் கூடிய மண்டபம் என்று வாதிட்டார். சுவர்களில் எழுத்தும் படமும் இருப்பதாக வரைந்தார். மக்கள் புழங்கிய கட்டடம் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது அவர் எண்ணம். பாரிசில் பெரியவர்கள் கோபம் கொண்டார்கள். ரோமில் கல்விக்கூடத்தின் தலைவராக இருந்த ஓவியர் ஓராஸ் வெர்னே தன் மாணவருக்காகப் பதவி விலகவும் முன்வந்தார். அந்த மண்டபத்தைப் பற்றி லாப்ரூஸ்த் சொன்னதை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனாலும் கட்டடத்தை அதில் புழங்கியவர்களின் கண்ணால் பார்த்த அந்தப் பார்வை, பின்னாளில் அவர் இரும்புத் தூண்களின் மேல் எழுப்பிய சேந்த் ஜெனவியேவ் நூலகத்தில் தெரிகிறது.

உங்கள் பையில் 5 மீட்டர் டேப், 15 சென்டிமீட்டர் அளவுகோல், தடித்த தாள் நோட்டு ஒன்று, பென்சில், ஒரு சிறு காந்தத் திசைகாட்டி இருக்கட்டும். முதல் மூன்று நாள் புகைப்படக்கருவியை வெளியே எடுக்காதீர்கள். கட்டடக்கலைஞர் லூயி கான் 1951-ல் எகிப்திலும் கிரேக்கத்திலும் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டே நடந்தார். பிரமிடின் மேல் வெயில் படும் பக்கத்தையும் படாத பக்கத்தையும் உட்கார்ந்து பார்த்தவர் அவர். நாள்தோறும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்குப் போங்கள். நிழற்குடை மாணவிக்கு அது மாலை 4 மணி. தேதி, நேரம், வானம் தெளிவா மேகமா, எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று மேலே எழுதிவிட்டுத்தான் வரையத் தொடங்க வேண்டும். இரவு தூங்கும் முன் அன்றைய செக்‌ஷனை மையிட்டு முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட அளவுகளில் ஒன்றாவது கட்டாயம் விட்டுப்போயிருக்கும், அதற்காகத் திரும்ப ஸ்பெயினுக்குப் போக முடியாது.

திரும்பி வந்ததும் அறிக்கை. பல உதவித்தொகைகள் கடைசித் தவணையை அறிக்கை கிடைத்த பிறகே தரும். வந்து ஒரு மாதத்துக்குள் எழுதத் தொடங்கிவிடுங்கள். அச்சுக்குப் போகும்போது கூடுதலாகச் சில நகல்கள் எடுங்கள். உங்களைத் தன் கடைவாசலில் நின்று அளக்கவிட்டவருக்கு ஒன்று, மொட்டை மாடியைத் திறந்துவிட்ட வீட்டுக்காரருக்கு ஒன்று. முகவரிகளைப் பயணத்தின்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மாணவி சிங்கப்பூரிலிருந்து வந்ததும் முதல் நகலை எடுத்துக்கொண்டு தன் ஊர் நிறுத்தத்துக்குப் போனாள். மணி நாலு. பூக்கார அம்மா சுவருக்குப் பின்னால்தான் இருந்தார்.